எதிர்ப்பக்கம் சுழன்ற சுருள்

இயேசு மரி சூசை துணை

வற்றாப்பளை
14.02.1999

அன்பு மகள் பிறின்சிக்கு,

அப்பா யாகப்பு எழுதிக்கொள்வது. எழுத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்திருப்பாய். கோழி கிளறின முற்றம் மாதிரி எழுத்து எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் இல்லை. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

இங்கே எல்லோரும் உயிரோடும் அரைவாசிச் சுகத்தோடும் இருக்கிறோம். நந்திக்கடலில் இறால் நன்றாகப் படுகிறது. வெளியே கொண்டுபோய் விற்க வழியில்லை, ஆகவே நாங்களே தின்கிறோம். சாப்பாட்டில் பணக்காரர், மண்ணெண்ணெயில் பிச்சைக்காரர். ஜாம் போத்தல் விளக்குக்கு எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக இதைப் பகலிலேயே எழுதுகிறேன்.

கடிதம் எழுதுகிற முறை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் பிரிப்பார்கள், வவுனியாவில் ஆமிக்காரரும் பிரிப்பார்கள். எல்லோரும் வாசித்து முடித்த பிறகு உரியவருக்குக் கிடைக்கும். அதனால் வன்னியில் ஒருத்தரும் மாட்டை மாடென்று எழுதுவதில்லை.

றொசானுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பதினேழு வயதுப் பொடியனுக்கு. "நல்ல இடம் ஐயா, பொடியனும் உயரமா இருக்கிறான்" என்றார்கள். "உயரம் தாயின்ரை பக்கம் தம்பி, மூளை என்ரை பக்கம். உங்களுக்கு அவன் சரிவரான்" என்றேன். சிரித்தார்கள். சிரித்தபடியே திரும்பி வருவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். உனக்கு விளங்கும்.

இதைக் கொண்டுவருகிறது ஞானேஸ்வரி. பாஸ் எடுத்து வவுனியாவுக்குச் சாமான் வாங்கப் போய்வருகிறாளே, அவள்தான். அங்கே தபாலில் போட்டுவிடுவாள். "உங்கட மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டாள். பௌதிகவியல் என்றேன். "அதிலை என்ன இருக்கு?" என்றாள். இறால் வேணுமா என்று கதையை மாற்றினேன். அடுத்த முறை சொல்ல எனக்கு ஏதாவது எழுதி அனுப்பு.

அன்புள்ள அப்பா,
செ. யாகப்பு

அக்கா, அப்பா எல்லா இடத்தையும் எழுதி முடிச்சுப்போட்டார். மலைக்குளிரிலை உன்ரை மூக்கு இன்னும் இருக்கா, விழுந்திட்டுதா? — றொசான்


பேராதனை
07.03.1999

அன்பின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மூக்கு இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இதையே கேட்கிறான். விழுந்தால் நானே பார்சலில் அனுப்பிவைக்கிறேன்.

சம்பந்தக் கதை விளங்கியது. எங்கள் ஒழுங்கையிலிருந்து அந்தச் சம்பந்தத்துக்குப் போன பிள்ளைகளில் யார் திரும்பி விருந்துக்கு வந்தார்கள், அப்பா? மாலை போட்ட படங்கள்தானே வந்தன. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். றொசானுக்கு அது முற்றானால் எனக்கு மறைக்கக் கூடாது. ஓகஸ்டில் இறுதிச் சோதனை. அதை விட்டுவிட்டு வருவேன். உள்ளே வந்தால் திரும்பிப் போகப் பாஸ் கிடைக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். தெரிந்துதான் சொல்கிறேன்.

இனி ஞானேஸ்வரி அக்காவுக்கான பாடம். வெளிச்சத்தின் ஒரு பொட்டைப் போட்டன் என்கிறோம். அதற்குத் திணிவு இல்லை, மின்னேற்றமும் இல்லை. போதிய சக்தியோடு வந்தால் சில வேளை அது இல்லாமல் போய், அந்த இடத்தில் இரண்டு துகள்கள் பிறக்கும். ஒன்று இலத்திரன், கம்பியில் மின்சாரமாய் ஓடுகிற துகள். மற்றது பொசித்திரன்; அளவில் இலத்திரனேதான், ஏற்றம் மட்டும் எதிர். வெறும் வெளிச்சத்திலிருந்து பொருள். ஆனால் ஒன்று மட்டும் தனியே பிறக்காது. வெளிச்சத்தின் ஏற்றம் பூச்சியம் என்பதால், பிறந்தவற்றைக் கூட்டினாலும் பூச்சியம் வரவேண்டும். முன்னுக்கு இருந்த தொகை பின்னுக்கும் இருக்கும். இதைக் காப்பு விதி என்கிறோம்.

வெறும் வெளியில் இது நடக்காது. சக்திக் கணக்குச் சரிவந்தாலும் உந்தக் கணக்குச் சரிவராது. பக்கத்தில் பாரமான ஓர் அணுக்கரு நிற்கவேண்டும். அது வேறு ஒன்றும் செய்வதில்லை. உதைப்பை வாங்கிக்கொள்ளும். பாரம் என்பதால் பெரிதாக அசையாது.

படம் ஒன்று கீறி வைத்திருக்கிறேன். காந்தத்துக்கு நடுவில் பிறப்பதால் ஒன்று இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் சுருளும். வந்த வெளிச்சம் தடம் விடாது. அதனால் இரண்டு சுருளும் திடீரென்று ஓரிடத்தில் தொடங்குவதுபோல் இருக்கும். இதைக் கீறும்போது யோகநாதன் எட்டிப் பார்த்து ஆட்டுக்கடாவின் கொம்பு என்றான். அவன் என்னோடு படிக்கிறவன்.

அன்பு மகள்,
பிறின்சி


இயேசு மரி சூசை துணை

வற்றாப்பளை
05.04.1999

அன்பு மகள் பிறின்சிக்கு,

உன் ஆட்டுக்கொம்பு ஞானேஸ்வரியை அரை நாள் மர வாங்கில் இருத்திவைத்துவிட்டது. தபால் கந்தோரில் எங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் பிரித்திருக்கிறார்கள். இரண்டு பாதை வளைந்து வளைந்து போகிறது, நடுவில் புள்ளி, பக்கத்தில் அம்புக்குறி. எந்தக் காட்டுப் பாதை என்று கேட்டார்களாம். பெரியவர் ஒருத்தர் வந்து, இந்த இரண்டு பாதையும் எங்கிருந்து தொடங்குகிறது, அதற்கு முன்னம் உள்ள றோட்டை ஏன் கீறவில்லை என்று கேட்டாராம். "அதுக்கு முன்னம் வெளிச்சமாம் சேர்" என்றாளாம் இவள். அதற்குப் பிறகுதான் வாங்கு. கடைசியில் தமிழ் தெரிந்த ஒருத்தன் பள்ளிக்கூடப் படம் என்று சொல்லி விடுவித்திருக்கிறான். பாடம் தனக்கு இனி வேண்டாமாம்.

அது போகட்டும். மகள், நான் வன்னியில் இருந்து நரைத்த ஆள். கடிதத்தில் எழுதியிருப்பதை வாசிக்கிறவன் முட்டாள், எழுதாததை வாசிக்கிறவன்தான் அப்பன். உன் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு கிழமை யோசித்தேன். இரண்டு பேர். ஒன்று ஆண் மாதிரி, ஒன்று பெண் மாதிரி. தனிய நடக்காது, சோடியாகத்தான் நடக்கும். இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் சரிவராது, பக்கத்தில் பாரமான மூன்றாவது ஆள் ஒருத்தர் நிற்கவேண்டும். அந்த ஆள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா நின்றால் போதும்.

பதிவுக் கந்தோரில் சாட்சிக்கு நிற்கிறவரைத் தவிர இது வேறு யாராக இருக்கும்?

அம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கு வெய்யில் தலைக்கு ஏறியிட்டுது. பிள்ளை பாடத்தை எழுதியிருக்கு" என்றாள். பாடத்துக்குள் யோகநாதன் எதற்கு என்று கேட்டேன். குசினிக்குள் போய்விட்டாள்.

நான் கோபமாக எழுதவில்லை. அந்தப் பொசித்திரன் யார், எந்த ஊர், வேதக்காரனா சைவமா, இதையாவது மாட்டை மாடென்று எழுது. பொசித்திரனுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல். தகப்பன் என்ற முறையில் கேட்கிறேன்.

சம்பந்தக்காரர் இரண்டாம் முறையும் வந்தார்கள். இந்த முறை சிரிக்கவில்லை.

அன்புள்ள அப்பா,
செ. யாகப்பு

அக்கா, உண்மையாத்தான் கலியாணம் கட்டிட்டியா? கட்டினால் கேக்கை அனுப்பு. மூக்கு இருக்கா? மூக்கில்லாமல் ஒருத்தனும் கட்டமாட்டான். — றொசான்


பேராதனை
29.04.1999

அன்பின் அப்பா,

வாசித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பிறகு திரும்பவும் சிரித்தேன்.

நான் கலியாணம் கட்டவில்லை. பதிவுக் கந்தோர் எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. யோகநாதன் புசல்லாவைப் பொடியன், சைவம், எனக்குப் பக்கத்து மேசை. கொம்பு என்று சொன்னதைத் தவிர அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் பாடத்தைப் பாடமாகத்தான் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னொன்று இருக்கிறதென்று பார்த்துப் பழகிவிட்டோம், அப்பா. நானும் அப்படித்தான். இங்கே விடுதியில் யாராவது கதவைத் தட்டினால் பொலிஸ் பதிவுக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திறக்கிறேன். பெரும்பாலும் சீனி இரவல் கேட்டு வந்த பிள்ளையாக இருக்கும்.

பொசித்திரனுக்கு என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். அது கொஞ்சம் கவலையான கதை. எங்கள் உலகம் முழுக்க இலத்திரன். பொசித்திரன் இங்கே நின்றால் கெதியில் ஏதாவது ஓர் இலத்திரனோடு முட்டும். முட்டினால் இரண்டும் அழிந்து வெளிச்சமாய்ப் போய்விடும். அப்போதும் தொகை குறையாது. ஆனால் துகள் இருக்காது.

சம்பந்தக்காரர் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைத்தான் நான் கனதரம் வாசித்தேன். மறைக்கமாட்டோம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

அன்பு மகள்,
பிறின்சி

றொசானுக்கு: மூக்கு இருக்கிறது. கேக் இல்லை.


இயேசு மரி சூசை துணை

வற்றாப்பளை
13.06.1999

அன்பு மகள் பிறின்சிக்கு,

புசல்லாவை என்று ஊரை உடனே சொன்னதால் யோகநாதனை இப்போதைக்கு விடுதலை செய்கிறேன். வழக்கு முடியவில்லை, பிணைதான்.

கண்ணகை அம்மன் பொங்கல் நல்ல சனத்தோடு நடந்தது. வேதக்காரர் நாங்களும் வழக்கம்போலப் போனோம். கடலில் தீர்த்தமெடுத்து வந்து அந்த உப்புத்தண்ணீரில் விளக்கெரித்தார்கள். சனம் முழுக்கக் கண் வெட்டாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டு விளக்கோ மண்ணெண்ணெய் ஊற்றினாலும் இருமுகிறது. உப்புத்தண்ணீரில் வெளிச்சம் வருவதற்கு உன் காப்பு விதி என்ன சொல்லும்? படித்த பிள்ளை, பார்த்து எழுது. அம்மனையும் கோபிக்கவைக்காதே, அந்தோனியாரையும் கோபிக்கவைக்காதே.

இறால் குறைந்துவிட்டது. மீன் இருக்கிறது. எனக்கு வயிறு வற்றிக்கொண்டு வருகிறது. ஊர் வேலைக்கு மண்வெட்டியோடு அடிக்கடி கூப்பிடுகிறார்கள், அதனால் உடம்புக்கு நல்லது. கட்டின சாரம் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. அம்மா சுகம். கொஞ்சம் கதை குறைவு.

றொசானும் சுகம். கெளிறு மீன் முள் குத்தி வலது கை வீங்கியிருக்கிறது, அதனால் இந்த முறை எழுதவில்லை. அதோடு அவன் இப்போது மல்லாவியில் சின்னராசா சித்தப்பா வீட்டில் நின்று ரியூசனுக்குப் போகிறான். நல்ல படிப்பு. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். நீ ஒன்றுக்கும் யோசிக்காமல் சோதனையைப் பார்.

அன்புள்ள அப்பா,
செ. யாகப்பு


பேராதனை
04.07.1999

அன்பின் அப்பா,

அம்மன் விளக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் கேள்வி எங்கள் வீட்டு விளக்கைப் பற்றியது.

கெளிறு முள் குத்தினால் மூன்றாம் நாள் வீக்கம் வற்றும் என்று எனக்குச் சொன்னது நீங்கள். ஒருத்தன் ஒன்றுக்கு இரண்டு காரணம் சொன்னால் இரண்டையும் நம்பாதே என்று சொல்லித்தந்ததும் நீங்கள். இப்போது ஒரே மூச்சில் முள்ளும் சொல்கிறீர்கள், மல்லாவியும் சொல்கிறீர்கள். சின்னராசா சித்தப்பாவின் கடிதம் போன கிழமை வந்தது. ஆடு குட்டி போட்டது, சித்திக்குப் பல்லுக்கொதி, எல்லாம் இருக்கிறது. ரியூசனுக்கு வந்து நிற்கிற ஆள் அதில் இல்லை. அம்மாவுக்குக் கதை குறைவாம். எங்கள் அம்மாவுக்கா? காய்ச்சல் நூற்றிரண்டு அடித்த நேரமும் கதையை நிறுத்தாத அம்மாவுக்கா?

முந்தி ஒருகாலத்தில் ஆய்வுகூடங்களில் ஒரு கணக்குக் குறைந்துகொண்டே இருந்தது. அணுக்கரு உடைந்தால் வெளியே வருகிற சக்தியைக் கூட்டிப் பார்த்தால் உள்ளே இருந்த அளவு வரவில்லை. விதியே பிழை என்று சில பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும், விதி சரி, கண்ணுக்குப் படாத ஒன்று அந்தப் பங்கைக் கொண்டுபோகிறது என்றார். நியூத்திரினோ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கனகாலம் கழித்து அது பிடிபட்டது.

உங்கள் கடிதத்தைக் கூட்டிப் பார்த்தேன், அப்பா. ஒரு ஆள் குறைகிறது. எது கொண்டுபோனது? சம்பந்தக்காரரா?

அடுத்த கடிதத்தின் அடியில் அவனுடைய எழுத்து இல்லாவிட்டால் நான் சோதனைக்கு இருக்கமாட்டேன். வவுனியாவுக்கு வந்து பாஸுக்கு எழுதிக்கொடுப்பேன்.

பிறின்சி


இயேசு மரி சூசை துணை

வற்றாப்பளை
25.07.1999

அன்பு மகள் பிறின்சிக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னம் சம்பந்தக்காரர் வாசித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள், ஞானேஸ்வரிக்கு வேலை மிச்சம். இரண்டு பேர் கதிரையில் இருந்தார்கள், நான் தூணோடு நின்றேன். இளையவர் கடிதத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஐயா, கணக்குக் குறையுது எண்டு இதிலை இருக்கு. எது குறையுது?"

"அது நியூத்திரினோ தம்பி" என்றேன்.

"ஆர் அது?"

நான் உள்ளே போய் உன் ஆட்டுக்கொம்புப் படத்தை எடுத்து வந்தேன். போட்டனில் இருந்து தொடங்கினேன். இது வெளிச்சம், தடம் விடாது. இது இலத்திரன், இது பொசித்திரன். ஏற்றத்தைக் கூட்டினால் பூச்சியம். உந்தம் சரிவராது, பாரமான ஆள் வேண்டும். இடையில் இளையவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பொறுங்கோ, இனித்தான் முக்கியமான இடம்" என்று சொல்லித் திரும்பப் போட்டனுக்கு வந்தேன். எனக்கு ஞாபகம் வராத இடங்களில் சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்தேன், உன் புத்தகம் மன்னிக்கவேண்டும்.

"நீங்கள் எத்தினையாம் வகுப்பு ஐயா?" என்று கேட்டார்.

"எட்டு."

"எட்டிலை இதெல்லாம் இருக்கா?"

"இல்லைத் தம்பி. மகள் தபாலிலை படிப்பிக்கிறா. நான் மொக்கன் எண்டபடியால் ஒவ்வொரு முறையும் கோவிச்சு எழுதுறா, பாத்தனீங்கள்தானே."

மூத்தவர் கொட்டாவி விட்டார். பொடியன் எங்கே என்று கேட்டார்கள். உனக்கு எழுதியதையே அவர்களுக்கும் சொன்னேன், மல்லாவி என்று. மல்லாவியிலும் போய்ப் பார்த்தார்களாம். பின்னேரம் மீன்பிடிக்கப் போயிருக்கிறான் என்று சித்தப்பா சொன்னானாம். உனக்கு எழுதிய கடிதத்தில் அவனைப் பற்றி எழுத மறந்ததற்குச் சித்தப்பா கவலைப்படுகிறான். அவனுக்கு எதுவும் பிந்தித்தான் ஞாபகம் வரும்.

மகள், சந்தேகம் வந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஊர் முழுக்கக் கேட்க நின்று கேட்டுவிட்டாய். மலைக்குப் போய் நம்முடைய ஊர் எது என்று மறந்துபோனாய். பயந்தபடியால்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் இதோடு விடுகிறேன்.

இனிக் கடைசி வரை பௌதிகவியல்தான். வாசிக்கிற மற்றவர்கள் விரும்பினால் இந்த இடத்தில் நிறுத்தலாம். எனக்குச் சில சந்தேகங்கள்.

ஒரு வெளிச்சத்தில் இரண்டு துகள் பிறந்தது என்று வைத்துக்கொள். ஒன்று சுருண்டு சுருண்டு மலைப் பக்கம் போய்விட்டது, அது நல்லாக இருக்கிறது. மற்றது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அங்கே நின்றால் கெதியில் தன்னைப்போல ஒன்றோடு முட்டி இரண்டும் அழிந்துபோகும் என்று நீதான் எழுதினாய். துகள் இருக்காது, படம்தான் இருக்கும். அப்படியானால் அதை எதிர்ப்பக்கம் சுழலவிடுவது நல்லதுதானே? சூரியன் படுகிற பக்கமாய், உப்புத்தண்ணீரைத் தாண்டி?

இரண்டாவது. எல்லோரும் ஒரு விளக்கைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பின்னால் ஒரு துகள் விலகிப் போனால் அந்த நேரம் ஒருத்தருக்கும் தெரியாது. பிறகுதான் எண்ணிப் பார்ப்பார்கள். இது விதிக்கு மாறானதா?

மூன்றாவது, பாரமான அந்தக் கரு. வண்டி வயிற்றோடு பக்கத்தில் சும்மா நிற்கிற ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன், சாட்சிக்காரனைப்போல. இப்போது விளங்குகிறது. இவ்வளவு உதைப்பு வரும் என்று நீ எழுதவில்லை. வெளியிலிருந்து வருகிற உதைப்பு மண்வெட்டியோடு போய்விடும். கருவுக்குள்ளே இன்னொரு பகுதி இருக்கிறது. தன்னிடம் கேட்காமல் துகளை அனுப்பினது பிழை என்று அது பொங்கலில் இருந்து ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சோற்றை வைக்கிறது, போகிறது. அந்த உதைப்புத்தான் என்னை அசைக்கிறது.

கடைசிச் சந்தேகம். எதிர்ப்பக்கம் போன சுருளின் மற்ற நுனியை இன்னும் ஒருவரும் காணவில்லை. அக்கரையில் தடம் பட்டதாக ஒரு செய்தியும் இல்லை. அழிவதைத் தவிர அதற்கு வேறு முடிவு உன் புத்தகத்தில் உண்டா? இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

றொசானுடைய எழுத்து இந்தக் கடிதத்திலும் இல்லை. இருந்தும் நீ சோதனைக்கு இருக்கவேண்டும். மலைப் பக்கம் போன துகளும் திரும்பி வந்து இங்கே முட்டுப்பட்டால் நான் எந்தக் கணக்கை யாருக்குக் காட்டுவது?

அன்புள்ள அப்பா,
செ. யாகப்பு


பேராதனை
19.09.1999

அன்பின் அப்பா,

சோதனைக்கு இருந்தேன். எல்லாப் பாடமும் எழுதினேன். இரண்டாம் தாளில் சோடி பிறக்கும் கேள்வி வந்தது. கருவின் உதைப்பைப் புறக்கணிக்கலாம் என்று கேள்வியிலேயே போட்டிருந்தார்கள். கேள்வித்தாளில் அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் எழுதினேன்.

உங்கள் சந்தேகங்களுக்கு மறுமொழி. எதிர்ப்பக்கம் சுழலவிட்டது சரி. விதிக்கு ஒன்றும் மாறாக நடக்கவில்லை. போன கடிதத்தில் உங்கள் மாணவி தான் படித்ததை மறந்து பெரிய சத்தமாகக் கணக்குக் கேட்டுவிட்டாள். அதற்கு அவள் வெட்கப்படுகிறாள்.

கடைசிச் சந்தேகத்துக்கு வேறு முடிவு புத்தகத்தில் உண்டு. ஏப்பிரலில் நான் அவசரத்தில் பாதிதான் எழுதினேன். பொசித்திரன் தானாக அழிகிற சாதி அல்ல, அப்பா. முட்டுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அதை விட்டால், அது இலத்திரனைப் போலவே எவ்வளவு காலமும் இருக்கும். அதற்கு ஆயுள் குறைவு என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் பக்கத்தின் நெரிசல்தான் அதற்குக் கூடாது.

இன்னொன்று. வேறு நாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து போன கிழமை எனக்கு ஒரு படம் வந்தது. உப்புத்தண்ணீருக்கு அப்பால் எடுத்த படம். மற்றச் சுருள் அதில் நன்றாகத் தெரிகிறது. கொஞ்சம் மெலிந்திருக்கிறது, ஆனால் அறவில்லை. படத்தின் அடியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தது. மலைக்குளிரில் என் மூக்கு இன்னும் இருக்கிறதா என்று.

இருக்கிறது என்று மறுமொழி போட்டுவிட்டேன்.

அன்பு மகள்,
பிறின்சி


இயேசு மரி சூசை துணை

வற்றாப்பளை
17.10.1999

அன்பு மகள் பிறின்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த முறையும் பிரித்துத்தான் வந்தது. ஆனால் ஒருவரும் வந்து விளக்கம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பௌதிகவியலுக்கு ஊரில் ஒரு பயம் வந்துவிட்டதென்று நினைக்கிறேன். இளையவர் வழியில் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புகிறார்.

சம்பந்தக்காரர் வேறு வீடுகளில் மும்முரம். எங்கள் வீட்டில் கேட்க இனி ஆள் இல்லை, கிழவனைத் தவிர. மண்வெட்டி வேலை தொடர்கிறது. நல்ல ஆழமாக வெட்டுகிறேன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எடுக்காத பெயர்.

யோகநாதன் வழக்கு இன்னும் திறந்துதான் இருக்கிறது. சோதனை முடிந்த பிறகும் அவன் பக்கத்து மேசையா என்று எழுதவும்.

கடிதம் வந்த அன்று செக்கலில் விளக்கைக் கொளுத்தி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சோதனை எழுதின இடத்தில் கை நிற்கவில்லை. புத்தகத்தில் வேறு முடிவு இருக்கிறது என்ற இடத்தில் கொஞ்சம் மெதுவாகியது. மூக்கு என்று வாசித்தபோது கை நின்றுவிட்டது. நான் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன். பிறகு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். பொங்கலுக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை.

"வாசிச்சு முடிஞ்சால் விளக்கை நூருங்கோ. எண்ணெய் சும்மா எரியுது."

நூர்த்தேன்.

அன்புள்ள அப்பா,
செ. யாகப்பு